கவர்னர் கோட்டு

வரட்டுமே. வந்து பாக்கட்டுமே. நான் என்ன திருடிட்டா நிக்கிறேன். கவர்னர் மாளிகை வாசல்ல, மேல்படியில, வெயில்ல, கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறேன், எனக்கு இதான் வேலை, கப்பல் வர்ற நாளெல்லாம் மரக்கத்திய இடுப்புல சொருவிக்கிட்டு, இறகு வச்ச தொப்பிய மாட்டிக்கிட்டு, என்னிக்கோ செத்துப்போன எவனோ ஒரு பிரெஞ்சு கவர்னரா ஆடாம அசையாம நிக்கணும், கப்பல்லேர்ந்து எறங்குற டூரிஸ்ட்டு பக்கத்துல வந்து பல்லக் காட்டி போட்டோ புடிச்சிக்கிட்டுப் போவான். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, மூக்கு மேல ஈ குந்துனாலும் ஓட்டக்கூடாது. குந்தட்டும். ஆனா இந்தக் காலர் இருக்கே, சனியன் புடிச்ச காலர், இதத் தச்சவன் மனுசனுக்குக் கழுத்துன்னு ஒண்ணு உண்டுன்னு நெனச்சானா இல்லியா, பட்டனப் போட்டா கொக்கி ஏற மாட்டேங்குது, கொக்கி ஏறாட்டி முனை வந்து தொண்டையில குத்துது, வந்த நாள்லேர்ந்து குத்துது, இன்னிக்கு ரொம்பக் குத்துது. காலர்தான் குத்துது. வேற ஒண்ணுமில்ல. லாசர் அண்ணன் போன் பண்ணதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பைக்குள்ள போன் அடிச்சப்ப ஒரு ஜெர்மன்காரி என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நிக்கிறா, ஆகா கவர்னருக்கு போன் வருதுன்னு இளிக்கிறா, அவள ஒதுக்கிட்டு தூணுக்குப் பின்னால போயி எடுத்தா அண்ணன். "டேய் சவரி, கப்பல்லேர்ந்து எறங்கி பஸ்ஸுல ஏறிட்டம்டா. கவர்னர் மாளிகைக்கும் போவுதாம். ஒன் ஆபீசு அங்கதானடா? அண்ணி ஒனக்கு முறுக்கு அதிரசமெல்லாம் சுட்டுக் கொண்டாந்திருக்கா." படிச்சுப் படிச்சு சொன்னேன், அண்ணே மத்தியானத்துக்கு மேல வாங்க, காலையில எனக்கு மீட்டிங்குன்னு. மத்தியானம்னா கோட்டக் கழட்டி வச்சிட்டு வெள்ளைச் சட்டையில டிக்கெட் மேசைக்குப் பின்னால உக்காந்திருப்பேன், டிக்கெட் கிழிக்கிற ஜோசியான் கொஞ்ச நேரம் நாற்காலியத் தரேன்னு சொல்லியிருக்கா, மேசையில பேனா இருக்கு, ரப்பர் ஸ்டாம்பு இருக்கு, காத்தாடி இருக்கு, எங்க வீட்டு ஆளுங்களுக்கு அது போதும். கேட்டாரா மனுசன்? பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்ல கப்பல் டிக்கெட் எடுத்து வர்றவரு, பட்டாளத்துக்காரன் என்னிக்கு அடுத்தவன் சொல்றதக் கேட்டான். துறைமுகத்துலேர்ந்து பஸ்ஸு கோட்டையச் சுத்தி, மாதாகோயிலச் சுத்தி, ரம் கடையில நிறுத்தி, அப்புறம்தான் இங்க வரணும். நிறுத்தட்டும். ஒரு வாய்க்கு நாலு வாய் ஊத்திக் குடுக்கட்டும். அண்ணனுக்குக் கண்ணு கொஞ்சம் மங்குனா நல்லது.

ஊரா இது. போர் மரியானாம் பேரு. கரீபியன் கடல்ல பிரெஞ்சுக்காரன் இன்னும் விடாம புடிச்சு வச்சிருக்கிற தீவுல ஒரு ரெண்டாந்தர ஊரு, தலைநகரம்கூட இல்ல. கப்பல் வந்தா திருவிழா, கப்பல் போனா சுடுகாடு. தெருவப் பாத்த மொகப்புக்கு மட்டும் ரோஸு, மஞ்சள், பச்சைன்னு பெயின்ட்டு, இரும்புல பூ வேலை செஞ்ச பால்கனி, தொட்டியில செடி. பின்பக்கம் போயிப் பாரு, பலகை செல்லரிச்சு, தகரம் துருவேறி, சாக்கடை சந்துல ஓடும். மேலுக்குப் பூச்சு, உள்ளுக்கு ஓட்டை. நகராட்சிக்காரன் வாயத் தொறந்தா பாரம்பரியம். சுவரு இடிஞ்சா பாரம்பரியம், இடியாட்டியும் பாரம்பரியம். இந்த மாளிகைக்குக் கீழ ஒரு நெலவறை இருக்கு, ஆப்பிரிக்காவுலேர்ந்து புடிச்சாந்த சனங்கள கரும்புத் தோட்டத்துக்கு விக்கிறதுக்கு முன்னாடி அதுலதான் அடைச்சு வச்சிருந்தாங்களாம், சுவத்துல இரும்பு வளையம் இன்னும் கெடக்கு, அதுல இப்ப என்ன தொங்குதுங்கிற? டீ-சர்ட்டு. வளையத்துல ஹேங்கர மாட்டி, தென்னமரம் போட்ட டீ-சர்ட்டு. உள்ள எறங்குறப்ப டூரிஸ்ட்டு மூஞ்சி எழவு வீட்டுக்குப் போற மூஞ்சியா இருக்கும், ஏறி வர்றப்ப கையில பை இருக்கும். அப்புறம் இந்தப் பொம்பளைங்க, தலையில கட்டம் போட்ட துணி, இடுப்புல கட்டம் போட்ட பாவாடை, அதான் தீவோட பாரம்பரிய உடையாம், துணிக்குப் பேரு என்னான்னு கேட்டா மெட்ராஸ்ங்கிறா. எங்கப்பா இடுப்புல கட்டிக்கிட்டு மீன் வாங்கப் போன கைலிய இவளுங்க தலையில கட்டிக்கிட்டு ஆடுறாளுங்க, வெள்ளக்காரன் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குறான். சாப்பாட்டுக் கடையில கொலம்போன்னு ஒரு கறி, மஞ்சளும் மல்லியும் தூவி ஆட்டுக்கறிய வேகவச்சு எறக்கிடுவான், காரம்னா கிலோ என்ன விலைம்பான், அதுக்கும் பாரம்பரியம்னு பலகை எழுதி வச்சிருக்கான். தூ. நான் இந்த ஊருக்குச் சமையலுக்குத்தான் வந்தேன், பாண்டிச்சேரிக்காரன் ஒருத்தன் ஓட்டல் தொறந்தான், கறின்னா கறி மாதிரி வச்சேன், ஒரு பய சாப்பிடல, காரம் காரம்னு தண்ணியக் குடிச்சே செத்தானுங்க, ஓட்டல மூடிட்டு அவன் பாரிசுக்குப் போயிட்டான், நான் நின்னுட்டேன். நின்ன எடத்துலயே நிக்கிறதுக்குச் சம்பளம்னு ஒரு வேலை வந்துச்சு. வாங்கய்யா, வா, இந்தாளு யாரு, இத்தாலிக்காரனா, தொப்பையப் பாரு, வெயில்ல வெந்து செவந்து, சன் கிரீம் நாத்தம் கொடலப் புடுங்குது. புடிச்சுக்க போட்டோ. கத்தியத் தொடாத. சொன்னா கேக்குறானா, உருவிட்டான், மரக்கத்தின்னதும் மூஞ்சி தொங்கிப் போச்சு. நெசக் கத்தி குடுத்தா ஒன்ன மாதிரி ஆளுங்க பக்கத்துல நிக்க முடியுமாடா.

பஸ்ஸு இப்ப கோட்டைகிட்ட வந்திருக்கும். கோட்டையில என்ன இருக்கு, ஒரு பீரங்கி, அது மேல கழுதப்பய எவனாவது ஏறிக் குந்தியிருப்பான். அண்ணன் பீரங்கியப் பாத்தா நிப்பாரு. நின்னு அண்ணிக்கு வெளக்கம் சொல்லுவாரு, ஆப்பிரிக்காவுல சாட் பாலைவனத்துல நாங்க வச்சிருந்தது இதவிடப் பெருசுன்னு. சொல்லட்டும், சொல்லிக்கிட்டே இருக்கட்டும். ஓடிடலாமா. கோட்டு பின்னால கயிறு கட்டியிருக்கு, ஒரு ஆள் அவுத்து விடணும், ஜோசியான் டிக்கெட்ட விட்டு எழுந்தா மேனேஜரு கொதிப்பான், வாசல் கேட்டுகிட்டதான் நிக்கிறான், கப்பல் நாள்ல லீவு கேட்டாலே மறுநாள் கோட்டு வேறொருத்தன் தோளுக்குப் போயிடும்னு சொல்லி வச்சிருக்கான். சொல்லுவான். போட ஆள் வேணுமே. அதுல ஒரு கதை இருக்கு. எனக்கு முன்னாடி இந்தக் கோட்டப் போட்டவன் நெசமான வெள்ளக்காரன், பிரெஞ்சு தேசத்துல வடக்கத்தி ஆளு, வெயில் தாங்காம படியிலயே சுருண்டு விழுந்து ஊருக்கு ஓடிட்டான். அப்புறம் ஊருல இருக்கிற ஆம்பளைங்கள ஒவ்வொருத்தனாக் கேட்டாங்க. கறுப்பு ஆளுங்க ஒருத்தன் வரலியே, எங்க பாட்டன நிறுத்தி விலை பேசுனவன் கோட்ட நான் போடுறதான்னு காறித் துப்பிட்டுப் போனானுங்க. பசிக்குது, வேலை இல்ல, ஆனா கோட்டு வேணாமாம். இருக்கட்டும், அவனுங்க சங்கதி வேற. தோட்டத்துல புல்லு வெட்டுற ரெமி வீரபத்திரனுக்கு என்ன வந்துச்சு? நம்ம ஆளு அவன். அவனோட பாட்டனுக்குப் பாட்டன் கரும்பு வெட்ட எங்க காரைக்கால்லேர்ந்துதான் கப்பல் ஏறுனானாம், தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது, மாரியம்மன் கோயில்ல மட்டும் முழுப்பாட்டையும் கண்ண மூடிக்கிட்டுப் பாடுவான், அர்த்தம் கேட்டா முழிப்பான். அவன்கிட்ட கோட்ட நீட்டுனா, கையப் பின்னால கட்டிக்கிட்டானாம். எங்க தாத்தன் முதுகுல சவுக்கால அடிச்சவன் இதத்தான் போட்டிருந்தான்னு சொன்னானாம். பொழைக்கத் தெரியாத பய. நான் அப்படியா? நீட்டுனான், வாங்குனேன், போட்டேன், கண்ணாடியில பாத்தேன், ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. தங்க ஜரிகை, தோள்ல குஞ்சம், நெஞ்சுல பட்டை. எங்க ஊர்ல பிரெஞ்சுக்காரன் காலத்துல இந்தக் கோட்டு தெருவுல வந்தா செருப்பக் கழட்டிட்டு நிப்பாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு, சொல்றப்பவே எழுந்து நின்னுடுவாரு. ஜோசியான் ஒரு நாள் கயிறு கட்டி விடுறப்ப கேட்டா, "முசே சவரி, ஒனக்கு இது உறுத்தலியா?" "எங்க ஊர்ல இதப் பாத்தா எழுந்து நிப்பாங்க"ன்னேன். "அதத்தான் கேக்குறேன்"னா. கைலியத் தலையில கட்டுனவளுக்குக் கோட்டப் பத்தி என்ன தெரியும். ஆனா அந்தப் பேச்சு என்னமோ போவ மாட்டேங்குது, அப்பப்ப வந்து நிக்குது, ஈ மாதிரி, ஓட்டவும் கூடாது.

போட்டோ அனுப்பாம இருந்திருக்கலாம். அதான் வினை. அனுப்புனேன், அவ்வளவுதான், வாயத் தொறந்து ஒரு பொய் சொன்னேனா? மொத நாளு கோட்டோட ஒண்ணு எடுத்து அண்ணி போனுக்கு அனுப்புனேன், கீழ ஒரு எழுத்துகூட எழுதல. அதப் பாத்துட்டு அவங்களாவே சவரிக்கு கவர்னர் மாளிகையில உத்தியோகம்னு சொல்லிக்கிட்டா நான் என்ன பண்றது. இந்தக் காலத்துல எந்த அதிகாரி இறகு வச்ச தொப்பி போடுறான், எவனாவது யோசிச்சானா? காரைக்கால்காரன் யோசிக்க மாட்டான். பிரெஞ்சுக்காரன் குடுத்த சட்டைன்னா புத்திய அதுலயே மாட்டி வச்சிடுவான். பெருசு பண்ணி, கண்ணாடி போட்டு, நடு வீட்டுல திருஇருதயப் படத்துக்குப் பக்கத்துல மாட்டி, சீரியல் பல்பும் சுத்திவிட்டாங்களாம். சேசுவுக்கும் எனக்கும் ஒரே லைட்டு. அண்ணன் மக கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்ப அந்தப் படத்தத்தான் மொதல்ல காட்டுனாங்களாம், பொண்ணோட சித்தப்பான்னு. அதுக்கு முன்னாடி என் பேரு அந்த வீட்டுல என்னா? தண்டம். பெரியவன் பட்டாளம், சின்னவன் தண்டம். அடுப்படியில கெடக்கிற ஆம்பளன்னு அப்பா சொல்லுவாரு. செத்துப்போறப்பகூட பெரியவன் வந்துட்டானான்னுதான் கேட்டாரு, தண்ணி ஊத்துன கை என்னோடது. லாசர் அண்ணன் லீவுல வந்தா வீடே அட்டென்ஷன்ல நிக்கும். சாட்ல குண்டு போட்டது, ஜிபூட்டில காவல் நின்னது, கதை கதையா, எல்லாக் கதையிலயும் ஒரு கர்னல் வருவான், கர்னல் இவரக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டானாம். பிரெஞ்சு தேசிய நாளு ஜூலை பதினாலுக்கு மெடலெல்லாம் குத்திக்கிட்டு மத்த சொல்தாக்களோட, அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த ஆளுங்களோட, ஊர்வலம் போவாரு, நான் சைக்கிள்ல பின்னாலயே போவேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னாடி வீட்டுல உள்ள எல்லார் சட்டையையும் அவரே இஸ்திரி போடுவாரு, அண்ணிய தொட விடமாட்டாரு, மடிப்பு வச்சா கத்தி மாதிரி நிக்கும். பாருங்கடா, பட்டாளத்து ஒழுங்குன்னு அப்பா பூரிச்சுப் போவாரு. என் சட்டைக்கும் போட்டாரு. அதச் சொல்லணும். தண்டத்தோட சட்டைக்கும் அதே மடிப்புதான். இன்னிக்கு அந்த மனுசன் வந்து இந்தப் படியில என்னப் பாத்தா, குரங்கு வேசம் கட்டி நிக்கிறவனப் பாத்தா, ஊருக்குப் போயி மொத வேலையா அந்தப் படம் மாட்டுன ஆணியக் கழட்டுவாரு. அவ்வளவுதான். ஒலகத்துல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு ஆணிதான். இந்த ஊருல நான் கோட்டு, பேரு கெடையாது. அங்கதான் நான் ஆளா இருக்கேன், அதுவும் சுவத்துல.

பஸ்ஸு வந்துடுச்சு. வெள்ளை பஸ்ஸு, கெளி படம் போட்டது. எறங்குறானுங்க பாரு, ரம் வேலை செஞ்சிடுச்சு, ஒருத்தி செருப்ப விட்டுட்டு எறங்குறா, மேனேஜரு குனிஞ்சு எடுத்துக் குடுக்குறான், அடிமைப் பய. அண்ணன் எங்க. ஐயோ. மெடல் குத்தியிருக்காரு. இந்த வெயில்ல கறுப்புக் கோட்டு போட்டு, நெஞ்சு பூரா மெடலோட, தம்பி ஆபீசுக்கு வர்றதுக்குன்னு. முதுகு லேசா வளைஞ்சிருக்கு, எப்ப வளைஞ்சுது. மதலேன் அண்ணி மார்போட ஒரு தூக்குச் சட்டியக் கட்டிக்கிட்டு வர்றாங்க, கப்பல்ல இத எப்படி விட்டானுங்க. இப்பக்கூட தூணுக்குப் பின்னால போயிடலாம். நெலவறைக்கு எறங்கிடலாம், டீ-சர்ட்டு நடுவுல நின்னா யாரு பாக்கப்போறா. காலு வரல. நிக்கிறதுக்கே பழகுன காலு. இந்தா, முந்திக்கிட்டு ஒரு தடியன் ஏறி வந்துட்டான், தோள்ல கையப் போட்டு என் தொப்பியக் கழட்டி அவன் தலையில வச்சுக்கிட்டான், அவன் பொண்டாட்டி சிரிக்கிறா, பஸ்ஸு பூரா சிரிக்குது, கத்திய உருவி என் கழுத்துல வச்சு போட்டோ புடிக்கிறான். பாத்துட்டாரு. மூணாவது படியில நின்னு அண்ணன் பாத்துட்டாரு. அண்ணி சத்தம் கேக்குது, "ஏங்க, நம்ம தம்பிதானேங்க அது? யாருங்க அந்தாளு, கழுத்துல கத்திய வைக்கிறான்?" அண்ணன் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. என் மூஞ்சிய இல்ல, என்னமோ கழுத்துக்குக் கீழயே பாக்குறாரு. தடியன் தொப்பிய என் தலையில கோணலா வச்சிட்டு எறங்கிட்டான். "ஏங்க, கூப்புடுங்களேன்." "ஏய், சும்மா இரு," அண்ணன் குரல், பழைய குரல், "டூட்டியில இருக்கான். டூட்டியில இருக்கிறவன்கிட்ட பேசக்கூடாது. நீ கீழயே நில்லு."

ஏறி வந்தாரு. நான் எதிர்ல இருந்த தென்னமரத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். திட்டட்டும், துப்பட்டும், அறையட்டும். ஒண்ணும் பண்ணல. தொப்பியக் கழட்டி, இறகத் தடவி நிமித்தி, நேரா வச்சாரு. அப்புறம் கையக் கொண்டாந்தாரு, காலர்கிட்ட. "பட்டனப் போட்டா கொக்கி ஏறாதுடா. பட்டன எடுத்துடணும். மொதல்ல கொக்கி. மோவாயத் தூக்கு." தூக்குனேன். ரெண்டு வெரலால உள்பக்கம் துணிய மடிச்சுவிட்டாரு, டக்குனு ஒரு சத்தம், கொக்கி ஏறிடுச்சு. அப்புறம் பட்டன். காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒரு வெரலவிட்டுப் பாத்தாரு. குத்தல. இத்தன நாளும் குத்துனது குத்தல. தோள் குஞ்சத்த வெரலால கோதிவிட்டாரு, புறங்கையால நெஞ்சத் தட்டிவிட்டாரு, பட்டைய இழுத்து இடுப்புல சரிபண்ணாரு, கை தானாப் போவுது, கண்ணுகூட பாக்கல. பீரங்கி புடிச்ச கைக்கு இது எப்படித் தெரியும்னு எனக்குப் புரியிறதுக்குள்ள அவரே சொன்னாரு, குஞ்சத்தப் பாத்துக்கிட்டே, அண்ணிக்குக் கேக்காத கொரல்ல. "சர்வீஸ் பூரா இதாண்டா. கர்னல் மாறுவான், கோட்டு மாறாது. சாட்லயும் இஸ்திரிப் பெட்டிதான், ஜிபூட்டிலயும் இஸ்திரிப் பெட்டிதான். துப்பாக்கியத் தொடச்சுக் குடுத்திருக்கேன், சுட்டதில்ல." குஞ்சத்த விட்டுட்டு, "ஒன் போட்டோ வந்த அன்னிக்கே காலரப் பாத்தேன். கொக்கி போடாம எந்தக் கவர்னருடா போட்டோவுக்கு நிப்பான்"னாரு. அன்னிக்கே. அப்ப அந்த ஆணிய அடிச்சது யாரு? "அண்ணே, படம்..." "நான்தாண்டா மாட்டுனேன். அண்ணிக்குத் தெரியாது. ரெண்டும் தெரியாது, ஒன்னதும் என்னதும்." காலையிலேர்ந்து எத்தன பேரத் திட்டுனேன், இப்ப வாயில ஒரு வசவு வரல. கீழேர்ந்து அண்ணி தூக்குச் சட்டியப் படியில வச்சிட்டு போன எடுத்துட்டாங்க, "ரெண்டு பேரும் நில்லுங்க, ஒண்ணு புடிக்கிறேன், வீட்டுல மாட்டலாம்." அண்ணன் நின்னாரு. எனக்குப் பக்கத்துல இல்ல. ஒரு படி கீழ எறங்கி, ஒரு அடி பின்னால தள்ளி, கையத் தொடையோட ஒட்டிக்கிட்டு நின்னாரு. மெடல் பூரா என் கோட்டுக்குப் பின்னால மறைஞ்சு போச்சு. பேசக்கூடாதுன்னு இருந்தாலும் பேசுனேன். "அண்ணே, மேல வாங்க. பக்கத்துல நில்லுங்க." "இருக்கட்டும்டா," அண்ணன் சொன்னாரு, "பழக்கம்."